கலுங்கில் தண்ணீர் இல்லாத நாள்

போன மழைக்காலத்தில் மறையூரிலிருந்து அனீஷ் போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சாலைக்கு வந்த ஓவர்சியர் அவர். சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் கேட்பவர். மலைச்சாலை நெடுகப் புதிதாகப் பலகைகள் வைக்கப் போகிறார்களாம். மண் சரியக்கூடிய இடம் எது, சாலையை அடைத்தால் வண்டிகள் காத்திருக்க வேண்டிய இடம் எது என்று இரண்டு வகைப் பலகை. முதலாவதற்கு அவரிடம் வரைபடம் இருந்தது. இரண்டாவதற்குத்தான் என்னை அழைத்திருந்தார். அந்தக் காலத்தில் வண்டிகளை எங்கே நிறுத்தி வைப்பீர்கள் சார் என்று கேட்டார்.

பிறகு பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். யாருக்கு என்ன ஆச்சுங்க என்று என் மனைவி கேட்கும் அளவுக்கு என் முகம் இருந்திருக்கிறது. போனில் சொல்லி முடிகிற பதில் அல்ல அது. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் ஊர் மீனாட்சிபுரம். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகிறவர்கள் கேரளத்துக்குள் நுழையும்போது முதலில் பார்க்கும் ஊர். வீட்டில் மாடுகளும் தென்னையும். நான் பாலக்காட்டில் டிப்ளமோ படித்து, பரீட்சை எழுதி, சாலை ஓவர்சியர் ஆனேன். முதல் சில ஆண்டுகள் எங்கள் ஊர் வழியாகப் போகும் சாலையிலேயே வேலை. சமவெளிச் சாலைக்கு வெயில்தான் எதிரி. மத்தியானத்தில் தார் இளகும், வைக்கோல் லாரி போனால் தடம் விழும், சாயங்காலம் அதைச் சரி செய்ய வேண்டும். சாலையை அகலப்படுத்த அளந்தபோது என் தாய்மாமன் வீட்டு வாசலுக்குள் நானே முளைக்குச்சி அடிக்க வேண்டி வந்தது. "ஏனப்பா நாச்சிமுத்து, ரோடு என்ற ஊட்டுக்குள்ள வருதா, ஊடு ரோட்டுக்குள்ள வருதா?" என்று மாமன் கேட்டார். அப்புறம் ஒரு வருசம் என்னோடு பேசவில்லை. வேலையில் எனக்கு நேர்ந்த பெரிய சங்கடம் அதுதான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

பிறகு மறையூருக்கு மாற்றினார்கள். கேரளத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து கேரளத்தில் இருக்கும் அந்த வேலைக்குப் போக, தமிழ்நாட்டைக் கடக்க வேண்டும். பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் போய்ச் சின்னாறு செக்போஸ்ட்டில் மறுபடியும் கேரளத்துக்குள் ஏறுவோம். உடுமலையிலிருந்து மூணாறு போகும் அந்த மாநில நெடுஞ்சாலைதான் இனி என் சாலை.

அந்தச் சாலையில் ஒரு காலைக்குள் பல ஊர்களின் வானிலையைப் பார்த்துவிடலாம். சின்னாற்றில் முள்காடு, மழைக்கு ஏங்கும் மண். மறையூரில் கரும்புத் தோட்டம், வெல்லம் காய்ச்சும் புகை, கம்பி வேலிக்குள் சந்தன மரங்கள். அதைத் தாண்டி ஏறினால் தேயிலை. தேயிலைக்கு மேலே எப்போதும் ஈரம். தோட்டம் போட வந்தவர்கள் முதலில் குதிரை போகும் அளவுக்கு வெட்டிய தடம் இது என்பார்கள். பிறகு மாட்டுவண்டிக்காக அகலப்பட்டு, லாரிக்காக இன்னும் அகலப்பட்டு, நெடுஞ்சாலை என்று பெயர் வாங்கியது. ஒவ்வொரு முறையும் மலையை இன்னும் கொஞ்சம் அரிந்துதான் அகலம் கிடைத்தது. எஸ்டேட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டுத்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் சுலோசனா மேடம், அசிஸ்டன்ட் இன்ஜினியர். திருச்சூர்ப் பக்கத்துக்காரர். ஜீப்பில் உட்கார்ந்தபடி சாலையைப் பார்க்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. ஜீப்பை முன்னால் அனுப்பிவிட்டு நடப்பார். மழையோ வெயிலோ கையில் ஒரு நீளக்குடை இருக்கும். அதை விரித்ததைவிட ஊன்றியதுதான் அதிகம். குடை நுனியால் ஓடையில் அடைத்த இலையைத் தள்ளுவார், தடுப்புச் சுவரின் கல்லைத் தட்டுவார், தாரின் ஓரத்தைக் குத்திப் பார்ப்பார். யாரையும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. திட்ட வேண்டுமென்றால் குரல் இன்னும் இறங்கும்.

சாலைக்கு அடியில் நீர் கடந்து போகும் சின்னப் பாலத்தை அங்கே கலுங்கு என்பார்கள். ஒவ்வொரு கலுங்கிலும் மேடம் நின்று, "வெள்ளம் எங்கே போகுது?" என்று கேட்பார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர்தான். புதிதாக வந்த தமிழ் வேலையாட்கள் பயந்து மேலே பார்ப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரும். அவர் சிரிக்க மாட்டார். நீர் மேலே எங்கிருந்து வருகிறது, கீழே எங்கே போய்ச் சேர்கிறது என்று யாராவது சொல்லும் வரை அந்த இடத்தை விட்டு நகரவும் மாட்டார். மலைச்சாலையைத் தாங்குவது கல்லும் தாரும் அல்ல, தண்ணீர் சரியான வழியில் போவதுதான் என்பதை அவர் வாயால் சொன்னதில்லை. நடந்து நடந்துதான் எனக்குப் புரிந்தது.

தேயிலை தொடங்கும் பகுதியில், ஓர் அகலமான வளைவில் பேச்சியம்மாள் டீக்கடை வைத்திருந்தார். எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். கணவர் இல்லை. கடை சாலைப் புறம்போக்கில் இருந்ததால் காலி செய்யச் சொல்லி வருசா வருசம் நோட்டீஸ் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அவர் அதை வாங்கி மடித்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் செருகிவிட்டு எனக்கு டீ ஆற்றுவார். கடை மட்டும் அசையாது.

அந்தக் கடையில் நான் அடிக்கடி பார்க்கும் ஆள் செல்வராஜ். மறையூர் வெல்லத்தை மூணாறு வழியாகக் கீழே கொண்டுபோகும் லாரி டிரைவர். எங்கே வண்டியை நிறுத்தினாலும், பிரேக் போட்டிருந்தாலும், பின் சக்கரத்துக்கு ஒரு கல் வைத்துவிட்டுத்தான் டீ குடிக்க வருவான். சமதளத்தில்கூட வைப்பான். மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். அவன் கண்டுகொள்ள மாட்டான்.

அந்த மழை நாட்கணக்கில் விடாமல் பெய்துகொண்டிருந்தது. அன்று காலை மேடமும் நானும் சாலை வேலையாட்களின் கங்காணி கருப்பையாவும் மேலிருந்து கீழ்நோக்கி நடந்து வந்தோம். ஒவ்வொரு கலுங்கிலும் தண்ணீர் இரைந்து கொட்டிக்கொண்டிருந்தது. பேசினால் கேட்காது. ஒரு வளைவைத் திரும்பினோம். அங்கே நாங்கள் பேசியது கேட்டது.

மேடம் நின்றார். அந்தக் கலுங்கின் வாயில் எட்டிப் பார்த்தார். கோடையில்கூடச் சொட்டும் கலுங்கு அது. கற்கள் ஈரமாக இருந்தன, அவ்வளவுதான். அத்தனை மழையில், நீர் இல்லை.

"வெள்ளம் எங்கே?" என்றார். எப்போதும் கேட்கும் தொனியில் அல்ல. என்னிடமும் கேட்கவில்லை.

நாங்கள் தேயிலைக்குள் ஏறினோம். கொஞ்ச தூரத்தில் அந்த ஓடை நன்றாகவே வந்துகொண்டிருந்தது. பழுப்பு நிறமாக, வேகமாக. ஓரிடத்துக்கு வந்ததும் காணாமல் போனது. அங்கே தேயிலை வரிசைகளுக்குக் குறுக்கே நிலம் விரிந்திருந்தது. கை நுழையும் அளவு பிளவு. அவ்வளவு தண்ணீரும் சத்தமே இல்லாமல் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தாகத்தோடு ஒருவர் குடிப்பதைப் போல இருந்தது. கருப்பையா கைகூப்பினார். ஒரு மலை தண்ணீர் குடிப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ரோடு அடைக்கணும்," என்றார் மேடம்.

சாலையை அடைப்பதற்கு ஒரு முறை உண்டு. காலி தார் பீப்பாய்களில் கல் நிரப்பிக் குறுக்கே வைத்துச் சிவப்புத் துணி கட்ட வேண்டும். ஜீப்பையும் குறுக்கே நிறுத்த வேண்டும். மேலே போலீசுக்கும் கீழே செக்போஸ்ட்டுக்கும் சொல்லி, புதிதாக வண்டி ஏறாமல் பார்க்க வேண்டும். அங்கே போன் எடுக்காது என்பதால் ஜீப் டிரைவர் சிக்னல் கிடைக்கும் இடம் வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். இதற்குள் மறையூர்ப் பக்கமிருந்து ஏறிவிட்ட வண்டிகளை எங்காவது நிறுத்தியாக வேண்டும். மேடம் பேச்சியம்மாள் கடை வளைவைச் சொன்னார். எந்த இன்ஜினியரும் அந்த இடத்தைத்தான் சொல்லியிருப்பார். அகலம் உண்டு, பழைய காலத்துக் கருங்கல் தடுப்புச் சுவர் உண்டு, தலைக்கு மேலே பாறை. பிளவு கண்ட இடத்திலிருந்து சாலை வழியாகப் போனால் நல்ல தூரம்.

சாலை வழியாகத்தான் தூரம். அந்த மலையில் சாலை சுற்றிச் சுற்றி ஏறுகிறது. மலை வழியாகப் பார்த்தால் அந்தக் கடை பிளவுக்கு ஏறக்குறைய நேர் கீழே இருந்தது. நடுவில் பாறை இருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

மேடமும் கருப்பையாவும் மேலே நின்றார்கள். நான் கொடியோடு கீழே போனேன். ஒரு பஸ், சில ஜீப்புகள், சுற்றுலாக்காரர்களின் கார்கள், செல்வராஜின் வெல்ல லாரி. எல்லாம் மேல்நோக்கி வரிசையாக நின்றன. கடையில் கூட்டம். நேரம் ஆக ஆகக் கோபம் ஏறியது. சாலை நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு அடைத்தீர்கள் என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். தண்ணீர் வராததால் அடைத்தோம் என்று சொன்னபோது ஒருவர் சிரித்தே விட்டார். செல்வராஜ் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வந்து டீயை வாங்கிக்கொண்டான்.

நான் வழக்கம்போல் தடுப்புச் சுவரின் ஓரமாகப் போய்க் குனிந்து பார்த்தேன். சுவருக்குப் பின்னால் தேங்கும் நீர் வடிவதற்காக இடையிடையே துளைகள் விட்டிருப்பார்கள். மழையில் அவற்றில் தெளிவான நீர் நூல் போல வரும். அன்று சிவப்பாக, கூழாக வந்துகொண்டிருந்தது. துளைக்குப் பக்கத்தில் ஒரு கருங்கல் சுவரை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் கொஞ்சம் வெளியே வந்தது.

மேலே மலை குடித்த தண்ணீர் இங்கே வெளியே வருகிறது.

வண்டிகளைத் திருப்ப இடமில்லை. நான் நேராகக் கடைக்குள் போனேன். "பேச்சியம்மா, எல்லாத்தையும் உட்டுட்டு எறங்குங்க. அப்படியே கீழ நடங்க," என்றேன்.

அவர் என் முகத்தை ஒரு முறை பார்த்தார். அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது, பால் பொங்கிக்கொண்டிருந்தது. கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்து, "டீ கெடையாது. எல்லாரும் எறங்கி நடங்க. மண்ணு நவுருது," என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

நான் சொல்லியிருந்தால் பாதிப் பேர் வாதாடியிருப்பார்கள். கடைக்காரியே எரியும் அடுப்பை விட்டுவிட்டுப் போவதைப் பார்த்ததும் ஜனங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். கண்டக்டர் ஒவ்வோர் இருக்கையாகப் பார்த்து இறக்கிவிட்டார். நடக்க முடியாத ஒரு வயதானவரைச் செல்வராஜ் முதுகில் ஏற்றிக்கொண்டான். எல்லோரும் வரிசையின் பின்புறமாக, சரிவில் கீழே நடந்தோம். சாலை நடுவில் தாரில் ஒரு கோடு விழுந்திருந்தது. அதைத் தாண்டும்போது கால் உணர்ந்தது, ஒரு பக்கம் பள்ளமாக இருப்பதை.

பின்னால் இரும்பு முனகும் சத்தம் கேட்டது. சாலை சாய்ந்ததில் லாரியின் சக்கரத்துக்கு வைத்திருந்த கல் நகர்ந்து, வண்டி பின்னால் அசைந்தது. செல்வராஜ் அந்த வயதானவரைக் கண்டக்டரின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினான்.

"செல்வராஜ், வா," என்றேன்.

"கல்லு நழுவுது சார். வண்டி உருண்டா இவங்க மேலதான் வரும்," என்றான். தினமும் பேசுவது போலவே சொன்னான். ஓடிப்போய்ச் சக்கரத்தருகே குனிந்தான்.

சாலை உட்கார்ந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. உடையவில்லை, வெடிக்கவில்லை. வளைவு முழுவதும் லாரியோடும் கடையோடும் அப்படியே கீழே உட்கார்ந்தது. பிறகுதான் மேலிருந்து மண் வந்தது. தேயிலைச் செடிகள் வரிசை கலையாமல், நட்டு வைத்தபடியே, நின்றுகொண்டே வந்தன. அந்தக் காட்சியை என் கண் இன்றுவரை நம்பவில்லை. அதன் பிறகு எல்லாம் வேகம். கடைசியில் எங்களுக்கு முன்னால் வெறும் சிவப்புச் சரிவும் மழையும் இருந்தன. முன்பாதி மண்ணுக்குள் போன பஸ்ஸின் பின்பாதி மட்டும் விளிம்பில் நின்றது.

ஒரு கார்க்காரர் தன் சாவியை அழுத்திக்கொண்டே இருந்தார். வண்டி எங்கே என்று தேடுவது போல.

மேடம் தேயிலைக்குள் புகுந்து, சரிவைச் சுற்றி, விழுந்து எழுந்து எங்களிடம் வந்து சேர்ந்தார். சேலை முழுவதும் சேறு. கையில் குடை இல்லை. "ஆளுகள்?" என்றார். ஒருத்தன் என்று சொன்னேன், பெயரையும் சொன்னேன். அவர் சாலை இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு மேலே, அவர் அடைத்து வைத்த வளைவைப் பார்த்தார். அது ஒரு கல்கூட நகராமல் அப்படியே நின்றது.

"அங்கே நிறுத்தச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

அவர்தான் சொன்னது. அவர் ஈரத் தாரில் உட்கார்ந்துவிட்டார். சாலையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

மறுநாள் பகலில் செல்வராஜ் கிடைத்தான். மண் அள்ளும் இயந்திரம் வந்து நின்றும், அவன் இருக்கக்கூடும் என்று நான் காட்டிய இடத்தில் அதை இறக்க மேடம் விடவில்லை. கையால்தான் அள்ள வேண்டும் என்றார். கூடைக்காரர்களோடு தானும் நின்றார். லாரி கீழே ஓடையில் கிடந்தது. வெல்லம் கரைந்து ஓடை முழுவதும் கலந்திருந்தது. அந்தப் பள்ளத்தாக்கே வெல்லம் காய்ச்சும் கொட்டகை போல மணத்தது. மழை விட்டதும் எறும்புகள் சரிவெங்கும் சாரை சாரையாக ஏறின. அந்த மணத்தின் நடுவில்தான் அவனைத் தூக்கினோம். எங்கள் வீட்டில் அதன் பிறகு பாயசத்துக்குச் சர்க்கரைதான் போடுகிறார்கள். ஏன் என்று என் மனைவி யாருக்கும் விளக்குவதில்லை.

பேச்சியம்மாளிடம் பின்னொரு நாள் கேட்டேன், இத்தனை வருசம் அசையாதவர் அன்று எப்படி ஒரு வார்த்தையில் இறங்கினீர்கள் என்று. எஸ்டேட்டு லயத்தில், தொழிலாளர் குடியிருப்பில், மகள் வீட்டில் அப்போது இருந்தார். "நோட்டீசு குடுக்க வரும்போது நீங்க எம் மொகத்தப் பாத்ததே கெடையாது சார்," என்றார். "அன்னைக்குப் பாத்தீங்க."

செல்வராஜைத் தூக்கிய பிறகு நடந்ததுதான் எனக்குச் சரிவைவிடப் பெரிய அதிர்ச்சி. மறையூரில் மேடத்துக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். சமயத்தில் சாலையை அடைத்து ஒரு பஸ் ஜனத்தைக் காப்பாற்றிய இன்ஜினியர் என்று பேசினார்கள். பேசியவர்கள் நல்ல மனசோடுதான் பேசினார்கள். அடைத்த இடம் வேறு, விழுந்த இடம் வேறு என்பது யாருக்கும் மனதில் பதியவில்லை. அடைத்த வளைவு இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. பஸ் தினமும் அதன் மேல்தான் போகிறது. அன்று நாங்கள் சும்மா இருந்திருந்தால் அத்தனை வண்டிகளும் பத்திரமாக மூணாறு போய்ச் சேர்ந்திருக்கும். மேடம் மைக்கில் இதைச் சொல்லப் பார்த்தார். தன்னடக்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் அவர் முகம் வெளிறியதை நான் கீழே இருந்து பார்த்தேன்.

போர்த்திய பொன்னாடையை மேசை மேலேயே வைத்துவிட்டு இறங்கி வந்தார். "செல்வராஜ் வீடு தெரியுமா?" என்றார்.

கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது வீடு. செல்வராஜின் மனைவி தங்கம் வாசலுக்கு வந்தார். என்னைத் தெரியும். மேடத்தை அப்போதுதான் பார்க்கிறார். என்னிடம்தான் முதலில் கேட்டார். "வண்டி யாரு மேலயும் ஏறலைல்ல சார்?"

இல்லை, நடந்த ஒருவர் மேலும் வரவில்லை, எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்றேன். அவன் முதுகில் சுமந்து வந்த வயதானவரைப் பற்றியும் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

மேடம் வாசலிலேயே நின்றார். செருப்பைக் கழற்றியிருந்தார், உள்ளே கால் வைக்கவில்லை. தனக்குத் தெரிந்த தமிழில், "நான்தான் ரோடு அடைச்சது. நான்தான் அங்கே நிறுத்தச் சொன்னது," என்றார்.

தங்கம் அவரைப் பார்த்தார். "தெரியும்," என்றார். "நீங்க அடைக்காம விட்டிருந்தா அன்னைக்கு மத்தியானம் அவரு மூணாறுல சோறு தின்னுருப்பாரு."

"ஆமா," என்றார் மேடம்.

அவ்வளவுதான். உங்கள் மேல் தப்பில்லை என்று தங்கம் சொல்லவில்லை. மலை எப்போது விழும் என்று யாருக்குத் தெரியும் என்று மேடமும் சொல்லவில்லை. தோட்டத்தில் யாரோ கரும்பு வெட்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"ஊரு மொத்தமும் உங்களப் புகழுது," என்றார் தங்கம். "நீங்க இதச் சொல்றதுக்கு இம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்க." உள்ளே போய்ப் பாயை எடுத்து வந்து விரித்தார். "உக்காருங்க."

மேடம் உள்ளே வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் தங்கமும் உட்கார்ந்தார். நாங்கள் அங்கிருந்து எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.